தூக்கமில்லாதவர்களின் காவல்

கப்பல் மோதிய செய்தி வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். மத்திகிரி கால்நடைப் பண்ணையின் நீண்ட மதிலை ஒட்டிப் பஸ் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் போனில் கூப்பிட்டு, "நான் நல்லாருக்கறன். டிவியில ஏதாச்சும் வந்தா பயந்துக்காத" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அன்று முழுக்கக் கம்பெனியில், வயர்களின் முனையைப் பொருத்திப் பார்க்கும் என் மேஜையில் கை மட்டும்தான் வேலை செய்தது.

அவர் கடற்படையில் ரேடார் பார்ப்பவர். சொந்த ஊர் மத்தூர் பக்கம். நான் பாரூர். கல்யாணமான பிறகு எனக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் மத்திகிரியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தேன். அவர் விடுமுறைக்கு வந்து போவார். கடலைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அவர் துணிப்பையைத் திறந்தால் வரும் டீசல் வாசனை மட்டும்தான்.

சாயங்காலம் டிவியில் அடியில் ஓடிய எழுத்தில் செய்தி வந்தது. போர்க்கப்பல் ஒன்றும் சரக்குக் கப்பல் ஒன்றும் உரசிக்கொண்டன. ஒரு மாலுமிக்குக் காயம். விசாரணைக்கு உத்தரவு. அவ்வளவுதான். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். என்னோடு உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அவ்ளோ பெரிய சமுத்ரம். ரெண்டு கப்பல் போய் எப்படி இடிச்சுக்கும்? வழி பத்தலையா?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். பிறகு பஸ்ஸில், மளிகைக் கடையில், மத்தூரில் மாமனார் வீட்டில் என்று எல்லாரும் அதையே கேட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

விசாரணை முடிந்து அவர் விடுமுறையில் வந்தார். இளைத்திருந்தார். மோதலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தூருக்குப் போனோம். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பஸ் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கிளைச் சாலையிலிருந்து ஒரு டிராக்டர் நெடுஞ்சாலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் என் கையைத் தட்டி ஜன்னலைக் காட்டினார்.

"அந்த டிராக்டரப் பாரு. ஜன்னல் கம்பிக்கு நேரா இருக்குதில்ல? கொஞ்ச நேரம் பாரு. கம்பிக்கு முன்னால போச்சுன்னா அது நமக்கு முன்னாடி ரோட்டத் தாண்டிரும். பின்னால போச்சுன்னா நாம மொதல்ல போயிருவோம். எந்தப் பக்கமும் நகராம அதே எடத்துல நின்னு, பெருசாயிக்கிட்டே வந்துச்சுன்னா இடிக்கப் போவுதுன்னு அர்த்தம்."

நான் பார்த்தேன். டிராக்டர் மெல்லக் கம்பிக்குப் பின்னால் போனது. பஸ் கடந்துவிட்டது.

"கடல்லயும் இதுதான். அன்னிக்கு அந்தச் சரக்குக் கப்பல் அப்படித்தான் நின்னுச்சு. திச மாறவே இல்ல. தூரம் மட்டும் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. நான் மேல, கப்பல ஓட்டற எடத்துக்குச் சொன்னன். ரெண்டு வாட்டி சொன்னன். ஆபீசரும் 'சரி'ன்னாரு."

"அப்பறம் ஏன் திருப்பல?"

பஸ் கிருஷ்ணகிரி வந்து, அங்கே மத்தூர் பஸ்ஸுக்கு மாறி உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னார். அந்த நேரத்தில் கப்பலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் ஒரு இளம் அதிகாரி. முந்தின நாள் காலையில் துறைமுகத்தில் சாமான் ஏற்றும்போதே எழுந்தவர். அதன் பிறகு மேலதிகாரிகளின் பார்வையிடல், அதன் பிறகு பயிற்சி, அது முடிந்ததும் கடலில் காவல் முறை. விடிகிற நேரத்தில்தான் மோதல் நடந்தது. இரண்டு ரேடார்களில் ஒன்றில் புள்ளிகள் சிதறித் தெரியும். அதற்கான பாகம் கேட்டு அனுப்பி வெகு நாளாகியும் வரவில்லை. ஆட்களில் சிலரை இன்னொரு கப்பலுக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். சுக்கான் பிடித்த பையன் பழகியது வேறு வகைக் கப்பலில். இதில் பொத்தான்கள் இடம் மாறி இருந்தன. எதிரே வந்த சரக்குக் கப்பலிலோ அந்தப் பெரிய உடம்புக்குக் கொஞ்சம் ஆட்கள்தான்; கப்பல் தானாக ஓடிக்கொண்டிருந்தது, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது. போர்க்கப்பலோ, தான் எங்கே போகிறது என்று மற்றக் கப்பல்களுக்கு அறிவித்துக்கொண்டும் போகாது.

"இதுல எத ஒண்ண எடுத்துட்டாலும் இடிச்சிருக்காது" என்றார். "எல்லாம் ஒரே எடத்துக்கு வந்து சேந்துச்சு."

"கப்பல் சரியில்லன்னா அத எதுக்குக் கெளப்பணும்?"

"ரெடின்னு சொல்லித்தான் கெளப்பறது. கூப்ட்டா கெளம்பணும், அதுக்குத்தான கப்பல். ரேடார் ஒண்ணு கோளாறு, ஆளு கம்மி, பசங்களுக்குப் பழக்கம் பத்தல, அப்படின்னு சொல்ல எல்லாருக்கும் வாய் வரைக்கும் வரும். ஆனா சமாளிச்சுக்கலாம்னுதான் வெளிய வரும். சமாளிச்சும் இருக்கோம். பல தடவ. சமாளிச்சதாலதான் யாருக்கும் தெரியாம போச்சு."

விசாரணையில் அந்த அதிகாரியின் கவனக்குறைவு என்று முடிவானது. அவர் பதவி போனது. என் கணவர் அங்கே அதிகாரி தூங்காமல் இருந்ததைச் சொல்லியிருக்கிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

சேவைக் காலம் முடிந்ததும் அவர் ஊருக்கு வந்துவிட்டார். சூளகிரிக்குப் பக்கத்தில் வண்டி பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. முன்னாள் படைவீரர் என்றால் எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் கூப்பிட்டு வேலை கொடுக்கும். லாரிகள் உள்ளே வருவதும், எடைமேடையில் நிற்பதும், சரக்கோடு வெளியே போவதும் அவர் கேட் வழியாகத்தான். அவருக்கு அது பிடித்திருந்தது. "இதுவும் ரேடார் மாதிரிதான். ஆனா லாரிக்காரங்க திட்டுவாங்க" என்பார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தன் இடத்துக்கு மாற்று ஆள் வராமல் அவர் கேட்டை விட்டு வரமாட்டார். கடற்படையில் ஊறிய பழக்கம். அந்தக் கேட்டில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வட இந்தியப் பையன் ஒருவன் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. இன்னொருவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடங்கள் நிரம்பவில்லை. ராத்திரி முறை முடிந்து காலையில் வீட்டுக்கு வரவேண்டிய என் கணவர் மதியம்தான் வந்து நிற்பார். சில நாள் சாயங்காலம். சோற்றைப் பிசைந்தபடியே கண் சொருகும்.

"ஆள் வரலன்னா கேட்டப் பூட்டிட்டு வாங்க" என்று நான் சொன்னேன்.

"கேட்டப் பூட்டினா கம்பெனி எப்படி ஓடும்? நாளைக்கு ஆள் போட்டுருவாங்க. சமாளிச்சுக்கலாம்."

அந்தச் சொல்லை நான் முன்னால் எங்கே கேட்டேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் லைனிலும் இரண்டு பேர் வராவிட்டால் நான் இரண்டு மேஜைக்கு நிற்கிறவள்தானே. எல்லாரும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

மார்கழியில் ஓசூர்ப் பக்கம் காலையில் பனிமூட்டம் இறங்கினால் மேம்பாலம்கூடத் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு காலையில், இரண்டு ஷிப்ட் வேலையைத் தொடர்ந்து பார்த்துவிட்டு பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் மோதினார். லாரியின் பின்பக்கம் மின்னும் பட்டை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

எனக்குப் போன் செய்தது தெலுங்கு பேசும் ஒரு ஆட்டோக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்து, "பயப்படாதம்மா, பேசறாரு, பேசறாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் லைன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, கையில் மாட்டியிருந்த உறையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். ஆஸ்பத்திரியில் அவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. ஹெல்மெட்டின் முன்பக்கம் பிளந்திருந்தது. முகத்தில் சிராய்ப்பு மட்டும்தான். வாசலில் அந்த லாரி டிரைவர் நின்று அழுதுகொண்டிருந்தார். வயசானவர். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பிறகு போலீஸ்காரர் வந்தார்.

"எப்படிங்க ஆச்சு?"

"கண்ணசந்துட்டன் சார். என் தப்புதான். லாரிக்காரர் மேல ஒண்ணும் வேணாம்."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். அவர் படியிறங்கும் வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு எனக்கு வந்த கோபம் எனக்கே புதிதாக இருந்தது.

"உங்க தப்பா?"

"பின்ன யாரு தப்பு? வண்டிய ஓட்டனது நான்தான?"

"அந்தக் கப்பல ஓட்டனது அந்த ஆபீசர்தான? அவரு மேல மட்டும் தப்பில்ல, தூங்க உடாம நிக்க வெச்சவங்கள யாரும் கேக்கலன்னு மத்தூர் பஸ்ஸுல எங்கிட்ட எவ்ளோ நேரம் சொன்னீங்க? அவருக்கு ஒரு ஞாயம், உங்களுக்கு ஒரு ஞாயமா?"

பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். என் கணவர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று நான் கேட்டேன். அவர் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் நானே அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். ஆட்கள் விஷயத்தைப் பார்க்கும் மேனேஜர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கவலையாக விசாரித்தார். திருநெல்வேலிப் பேச்சு. நல்ல மாதிரியாகவே இருந்தார்.

"அவரா இஷ்டப்பட்டுத்தாம்மா நின்னாரு. நாங்க யாரும் கட்டாயப்படுத்தலையே."

"ஆள் வராம அவரு எப்படி சார் வருவாரு? கேட்ட யாருகிட்ட உட்டுட்டு வருவாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல ரெண்டு ஆளு கேட்டிருக்கேன். கேட்டா, இத்தன நாளு எப்படி ஓடுச்சுன்னு திருப்பிக் கேக்காங்க. ஓடத்தான செஞ்சுது? நான் என்ன சொல்லுவேன்?" என்றார்.

கேட்டில் நின்றவர் சமாளித்தார். இவர் சமாளித்தார். இவருக்கு மேலே இருப்பவரும் யாரிடமோ எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார். இதில் நான் யாருடைய சட்டையைப் பிடிப்பது? திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, போர்க்கப்பலில் இருக்கிறவர்களும் இப்படிப்பட்ட சாதாரண ஆட்கள்தான் என்பது எனக்கு முதல்முறையாக உறைத்தது. நாட்டைக் காப்பவர்கள் என்றால் அசதியே இல்லாதவர்கள் என்று நான் நினைத்திருந்தேன். பீரங்கியும் ரேடாரும் எத்தனை இருந்தாலும், விடியற்காலையில் ஒரு சொல்லைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு மனுஷனுக்குத் தெளிந்த தலை வேண்டும். அந்தத் தலை தூங்கியெழுந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அவர் வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்த நாட்களில், ஒரு ஞாயிறு மத்தியானம், மாடிப்படியில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டது. உயரமான ஒருவர், கையில் பழப்பையோடு நின்றார். என் கணவர் அவரைப் பார்த்ததும் காலைத் தூக்கிக்கொண்டு எழ முயன்றார்.

"வேண்டா, வேண்டா, கிடக்கு, படுத்துக்கோங்க" என்று அவர் ஓடிவந்து தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார்.

பதவி போன அந்த அதிகாரி. கேரளத்துக்காரர். இப்போது பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. கப்பலில் இருந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விபத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான் மனதுக்குள் வைத்திருந்த ஆள் வேறு. இவர் முகத்தில் இன்னும் பையன் களை போகவில்லை.

டீ கொடுத்தேன். ஓசூர் டிராபிக், பெங்களூர் வாடகை என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு காரியம் கேக்கணும். அன்னைக்கு நீங்க ரிப்போர்ட் சொன்னப்போ நான் 'சரி'ன்னு சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்ல" என்றார்.

"சொன்னீங்க சார். ரெண்டு தடவயும் சொன்னீங்க."

"பின்னே நான் ஏன் திருப்பல?"

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அவர் அங்கிருந்து இத்தனை தூரம் வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. என் கணவர் தன் கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"சார், பைக் இடிச்ச அன்னிக்கு நான் லாரியப் பாத்தன். தூங்கிட்டன்னு போலீஸ்ல சொன்னன். ஆனா முழுசாத் தூங்கல. பனிக்குள்ள லாரி தெரிஞ்சுது. லாரின்னும் தெரிஞ்சுது. அது நிக்குதுன்னு மட்டும் மண்டையில ஏறல. கண்ணு பாத்துச்சு, உள்ள இருக்கறவன் வாங்கிக்கல. உங்களுக்கும் காது கேட்டுச்சு சார். அவ்ளோதான்."

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கணவர், "தப்பு உங்களுது இல்ல சார். ஆள் இல்லாம, தூங்க உடாம அனுப்பனவங்க தப்பு" என்றார். அதை அதிகாரி உடனே மறுத்தார்.

"இல்ல. அப்படிச் சொல்லாதீங்க. அவங்க தப்பு உண்டு. எல்லாம் உண்டு. ஆனா கப்பல் எங்கிட்ட இருந்தது. எனக்கு முடியலன்னு கேப்டன எழுப்பி நான் சொல்லியிருக்கலாம். எழுப்பினா என்ன நெனைப்பாரோன்னு நின்னேன். அந்தப் பங்கு எனக்குள்ளது. அதயும் எடுத்துட்டா, நான் அங்க யாரு? வெறும் பொம்மையா?"

நான் அடுப்படி வாசலில் நின்று இதைக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் நான் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. என் கணவர் "என் தப்புதான்" என்றபோது அதில் இதுவும் இருந்திருக்குமோ என்னவோ. முழுத் தப்பையும் ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம். அவர் பங்கைக்கூட அவரிடமிருந்து பிடுங்கிவிடுவதும் ஒரு வகையில் அவரைச் சின்னவராக்குவதுதான். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசினார்கள். இந்தியும் ஆங்கிலமும் கப்பல் பாஷையும் கலந்திருந்ததால் எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஒரு இடத்தில் இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். போகும்போது அந்த அதிகாரி என்னிடம், "சேச்சி, இவர் விசாரணையில எனக்கு வேண்டிப் பேசினது எனக்குத் தெரியும். அப்போ நன்றி சொல்ல முடியல" என்றார்.

அக்கா என்பதுபோல் அவர் என்னைச் சேச்சி என்று கூப்பிட்டது இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்.

கால் கூடி, என் கணவர் மறுபடி வேலைக்குப் போகப் பல மாதம் ஆயிற்று. இப்போதும் லேசாக விந்தி நடக்கிறார். போன முதல் நாளே மேனேஜரைப் பார்த்து, மாற்று ஆள் வராவிட்டால் இனி நான் நிற்கமாட்டேன், யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். "அப்படி ஒரு நெலம வராதுப்பா, பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

வந்தது. ஒரு காலை அவருடைய மாற்று ஆள் வரவில்லை. என் கணவர் மேனேஜருக்குப் போன் செய்து, "சார், எனக்குத் தெளிவு இல்ல. இந்த நெலமையில லாரிய ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா யாரையாவது நசுக்கிருவன். பெரிய கேட்டப் பூட்டறன். ஆள் நடந்து போற சின்ன கேட் மட்டும் தெறந்திருக்கும்" என்று சொன்னார். சொன்னபடியே பூட்டிவிட்டுக் காவல் அறையில் உட்கார்ந்துவிட்டார். சர்வீஸ் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரே ஹாரன். நாலு பாஷையிலும் திட்டு விழுந்ததாம். உற்பத்திப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து கத்தியிருக்கிறார். இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அசையவில்லை. கடைசியில் மேனேஜரே காரிலிருந்து இறங்கி வந்தார். ஒன்றும் பேசாமல் சாவியை வாங்கி, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டில் நின்றார். என் கணவரைக் கம்பெனி வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

வேலை போய்விடும் என்றுதான் இருவரும் நினைத்தோம். அன்று அவர் படுத்தவர் சாயங்காலம் வரை எழவில்லை. எழுந்ததும் முதலில் போனைத்தான் பார்த்தார். எதுவும் வரவில்லை. ஒரு மெமோ மட்டும் பின்னால் வந்தது. அந்த மாதமே கேட்டுக்கு ஒரு ஆள் போட்டார்கள். இரண்டு பேர் வேண்டிய இடத்தில் ஒருவர். "லாரி வரிசைய மேல இருக்கறவங்க கண்ணால பாத்தாங்கய்யா, அதான்" என்று மேனேஜர் அவரிடம் தனியாகச் சொன்னாராம்.

இப்போதும் தீபாவளி நெருக்கத்தில் உற்பத்தி ஏறும்போது கேட்டில் ஆட்கள் இரட்டை முறை பார்க்கத்தான் செய்கிறார்கள். என் கணவர் மட்டும் பார்ப்பதில்லை. அவருக்குக் கீழே இருக்கும் ஒரிசாப் பையன் தூக்கம் வந்தால் அவரிடம் வந்து சொல்லலாம் என்று வைத்திருக்கிறார். சொன்னால் இவர் திட்டுவதில்லை. கொஞ்சம் படுத்து எழ, எடைமேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சைக் காட்டுகிறார். அந்தப் பையன் முதலில் சொல்லத் தயங்கினான். இப்போது சொல்கிறான்.